1 டிபி டிஸ்க்கை மறுபடி பிரிக்கணும், புது எஸ்எஸ்டியில விண்டோஸ் 11 ஏத்தணும்: எதை முதல்ல தொடணும்?

பாளை டிடிபி:
அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ஆனித் தேர் நோட்டீஸ் வேலை முடிஞ்சிட்டு. ஆடியில கல்யாணப் பத்திரிகை கிடையாது, கோயில் கொடை நோட்டீஸ் மட்டுந்தான். இந்த இடைவெளியில கடை மெஷினை ஒழுங்கு பண்ணணும்.

மெஷின் விவரம்: ஐ3 8100, எச்310 போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல இப்படிக் காட்டுது: சிஸ்டம் ரிசர்வ்ட் 500 எம்பி, சி 97.65 ஜிபி, டி 278, இ 278, எஃப் 277. சி சிவப்பாயிட்டு, 3 ஜிபிதான் மிச்சம். டியில 190 ஜிபி, இயில 140, எஃப்ல 60 டேட்டா இருக்கு. புதுசா 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு, 1 டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒண்ணு வாங்கியாச்சு.

எஸ்எஸ்டியில விண்டோஸ் 11, பழைய டிஸ்க்ல டேட்டா மட்டும், பழைய சி இடத்தை டியோட சேத்துரணும். இதுதான் நினைப்பு. எந்த வரிசையில போகணும்?

ஜங்ஷன் சர்வீஸ்:
தம்பி, ஃபார்மட்டைப் பத்திப் பேசுததுக்கு முன்னால பழைய டிஸ்க்கு உசுரோட இருக்கான்னு பாத்துக்கிடுங்க. டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டுத கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டு நாலு வரி மட்டும் பாத்தா போதும். 05 ரீஅலகேட்டட் செக்டார், சி5 கரன்ட் பெண்டிங், சி6 அன்கரெக்டபிள், சி7 சிஆர்சி எரர். மேல நீலத்துல "குட்"னு போட்டிருக்கதை மட்டும் நம்பாதீங்க. சி5-ல எண் ஏறியிருந்தா, அந்த செக்டார்களைப் படிக்க டிஸ்க்கு திணறுதுன்னு அர்த்தம். அந்த நிலையில பார்ட்டிஷன் நகத்துத வேலையே கூடாது, முதல்ல டேட்டாவை வெளிய எடுத்துரணும்.

ஒரு விஷயம், அந்த ரா வேல்யூ பதினாறடி எண்ல காட்டும். 10-னு இருந்தா அது பதினாறு. ஃபங்ஷன் மெனுவுக்குள்ள அட்வான்ஸ்டு ஃபீச்சர்ல போய் பத்தடிக்கு மாத்திக்கிடலாம்.

சி7 மட்டும் ஏறிக்கிட்டே போனா டிஸ்க்கு மேல பழி போடாதீங்க. அது அநேகமா சாட்டா கேபிள். கேபிளை மாத்துங்க. ஏறுன எண் இறங்காது, ஆனா மேல ஏறாம நிக்கும்.

பாளை டிடிபி:
பாத்துட்டேன் அண்ணாச்சி. 05, சி5, சி6 மூணும் சைபர். சி7-ல 12.

ஜங்ஷன் சர்வீஸ்:
சரி, டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு. அந்த 12-ஐக் குறிச்சு வச்சுக்கிட்டு, கேபிளை மட்டும் புதுசா போட்டுருங்க.

பொருநைக்கரை:
டி, இ, எஃப்பை எல்லாரும் நினைவாக பேக்கப் எடுப்பார்கள். தொலைவது சிக்குள் இருப்பதுதான். டிடிபி கடை என்பதால் சொல்கிறேன்.

ஃபான்ட். சிக்குள் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்தால் போதாது. விண்டோஸ் 10-ல் ஒரு ஃபான்ட்டை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால், அது அந்த யூசருக்கு மட்டும் என்று வேறு இடத்தில் போய் உட்காரும்: யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். ஆப்டேட்டா மறைவாக இருக்கும் ஃபோல்டர். பாமினியும் வானவில்லும் பாதி அங்கே, பாதி இங்கே கிடக்கும். இரண்டையும் எடுங்கள். இல்லாவிட்டால் பழைய பத்திரிகை ஃபைலைத் திறந்ததும் "வாழ்த்துரை" என்று இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும்.

பிறகு டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ். இவை மூன்றும் சியில்தான் இருக்கின்றன. டாலி இருந்தால் அதன் டேட்டா பெரும்பாலும் யூசர்ஸ், பப்ளிக்குக்குள் இருக்கும். அவுட்லுக் வைத்திருந்தால் பிஎஸ்டி ஃபைல். பிரவுசர் பாஸ்வேர்டு, புக்மார்க்கை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். பிரின்டரின் சரியான மாடல் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதையும் சியிலேயே சேமித்தால் பயனில்லை, அப்படிச் செய்பவர்களும் உண்டு.

காப்பிக்கு இழுத்துப் போடுவதை விட விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளை நல்லது. நடுவில் நின்றால் மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து (ஜி என்பது எக்ஸ்டெர்னல் டிஸ்க்கின் எழுத்து என்று வைத்துக்கொள்கிறேன்):

ரோபோகாப்பி டி:\ ஜி:\டி_பேக்கப் /இ /ஆர்:1 /டபிள்யூ:1

கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். இயல்பில் அது ஒரு ஃபைலைப் படிக்க முடியாவிட்டால் 30 விநாடி காத்திருந்து மறுபடி முயலும், அப்படிப் பத்து லட்சம் தடவை. ஒரே ஒரு கெட்ட ஃபைல் இருந்தால் போதும், விடிய விடிய அங்கேயே நிற்கும். மேலே சொன்ன மாதிரி கொடுத்தால் ஒரு தடவை முயன்றுவிட்டு நகரும், விட்டதைக் கடைசியில் எண்ணிக்கையாகச் சொல்லும்.

காப்பிக்கு முன் டியில் எத்தனை ஃபைல், எத்தனை பைட் என்று பிராபர்ட்டீஸில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் ஒப்பிட வேண்டும்.

மேலப்பாளையம்:
நேரக் கணக்கு: யுஎஸ்பி 3 போர்ட்ல செகண்டுக்கு 100 எம்பி வச்சா 390 ஜிபிக்கு ஒண்ணேகால் மணி நேரம். சின்னச் சின்ன ஃபைல் நிறைய இருந்தா அது ரெண்டு மூணு மணி ஆகும். கேபினட்டுக்கு முன்னால இருக்க கருப்பு போர்ட்ல சொருகினா யுஎஸ்பி 2, 30 எம்பிதான் கிடைக்கும். மூணரை மணிக்கு மேல போகும். பின்னால நீலமா இருக்கதுல சொருகுங்க.

பாளை டிடிபி:
சரிங்க. பேக்கப் இன்னைக்கு ராத்திரி போடுதேன். அதுக்குள்ள அடுத்தது என்னன்னு சொல்லி வையுங்க. ஒண்ணு மட்டும்: சர்வீஸ் கடையில "எம்பிஆர்ல இருக்கு, விண்டோஸ் 11 ஏறாது, மொத்தத்தையும் அழிச்சாத்தான் முடியும்"னு சொல்லுதாவ. அப்படியா?

பொருநைக்கரை:
பாதி சரி. எம்பிஆர், ஜிபிடி இரண்டும் டிஸ்க்கில் பார்ட்டிஷன் விவரத்தை எழுதி வைக்கும் அட்டவணை வகைகள்; எம்பிஆர் பழையது, ஜிபிடி புதியது. விண்டோஸ் ஏறப்போகும் டிஸ்க் ஜிபிடியாக இருக்க வேண்டும், ஏனென்றால் யுஇஎஃப்ஐ என்ற புது பயாஸ் முறையில் பூட் ஆகும் விண்டோஸ் அதைத்தான் ஏற்கும். உங்கள் விஷயத்தில் அது எஸ்எஸ்டி. புது எஸ்எஸ்டியில் எந்த அட்டவணையும் இல்லை, அழிக்கவும் ஒன்றுமில்லை. பழைய 1 டிபி டிஸ்க் டேட்டாவுக்கு மட்டும் என்றால் எம்பிஆரிலேயே இருக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. எம்பிஆருக்கு உள்ள வரம்பு இரண்டு: 2 டிபிக்கு மேலே எண்ணத் தெரியாது, பிரைமரி பார்ட்டிஷன் நான்குக்கு மேல் வைக்க முடியாது. உங்களுக்கு இரண்டும் தடையில்லை.

பழைய டிஸ்க்கிலேயே விண்டோஸ் 11 வேண்டும் என்றாலும் அழிக்காமல் மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-லேயே 1703 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதற்கு மூன்று பிரைமரிக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனும் இருக்கக் கூடாது. உங்கள் டிஸ்க்கில் இயும் எஃப்பும் பச்சைக் கோட்டுக்குள் இருக்கிறதல்லவா, அதுதான் எக்ஸ்டெண்டட். அதனால் அந்தக் கருவி சோதனையிலேயே நின்றுவிடும். உங்களுக்கு அது தேவையும் இல்லை.

ஜங்ஷன் சர்வீஸ்:
இனி பயாஸ். எச்310 போர்டுல பூட் பக்கத்துல சிஎஸ்எம்-னு ஒண்ணு இருக்கும், லெகசிங்கிற பழைய முறையில பூட் ஆக விடுத வசதி அது. இப்ப அது எனேபிளா இருக்கும், அதனாலதான் பழைய விண்டோஸ் லெகசியில ஓடுது. அதை டிசேபிள் பண்ணணும். இன்டெல் பிடிடி எனேபிள் பண்ணணும், அதுதான் விண்டோஸ் 11 கேக்கிற டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி. செக்யூர் பூட்டும் எனேபிள். 8100 எட்டாம் தலைமுறை, அதனால பிராசசர் பட்டியல்ல இருக்கு, பிரச்சினை இல்லை.

பேக்கப் முடியிறதுக்கு முன்னால சிஎஸ்எம்மைத் தொட்டுறாதீங்க. தொட்டா பழைய விண்டோஸ் பூட் ஆகாது. பயந்து போக வேண்டாம், திரும்ப எனேபிள் பண்ணினா வந்துரும்.

பழைய கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் போட்டிருக்கீங்களா? ரொம்பப் பழைய கார்டுன்னா சிஎஸ்எம்மை எடுத்ததும் ஸ்க்ரீன் கருப்பா நின்னுரும். அப்படி ஆனா கார்டைக் கழட்டிட்டு, மானிட்டர் கேபிளை போர்டுலயே சொருகிப் பாருங்க.

பாளை டிடிபி:
கார்டு இல்லை அண்ணாச்சி, ஆன்போர்டுதான்.

ஜங்ஷன் சர்வீஸ்:
நல்லது. விண்டோஸ் 11 ஏத்த பென் டிரைவ் 8 ஜிபி போதும், 16 இருந்தா நிம்மதி. பூட் பென் டிரைவ் தயாரிக்கிற ரூஃபஸ் சாஃப்ட்வேர்ல போடுதீங்கன்னா பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யுஇஎஃப்ஐ. பூட் மெனுவுல அதே பென் டிரைவ் ரெண்டு தடவை தெரிஞ்சா, முன்னால யுஇஎஃப்ஐன்னு போட்டிருக்கதைத்தான் எடுக்கணும். அங்கதான் நிறையப் பேரு சறுக்குதாவ. வெறும் பேரை எடுத்தா லெகசியில பூட் ஆகும், அப்புறம் டிஸ்க் தேர்ந்தெடுக்கிற இடத்துல "இந்த டிஸ்க் ஜிபிடி ஸ்டைல்ல இருக்கு, ஏத்த முடியாது"ன்னு நிக்கும். மாத்தி, எம்பிஆர் டிஸ்க்ல யுஇஎஃப்ஐ வழியா பூட் பண்ணினா, எம்பிஆர் அட்டவணை இருக்குன்னு நிக்கும். ரெண்டு செய்திக்கும் டிஸ்க்கு காரணமில்லை, பூட் பண்ணுன வழிதான் காரணம். அதைப் பாக்காம, டிஸ்க்பார்ட்ல அட்டவணையைத் துடைக்கிற கிளீன் கட்டளையை அடிச்சு டேட்டாவைத் தொலைக்கிறவங்கதான் ஜாஸ்தி.

பொருநைக்கரை:
இன்ஸ்டால் செய்யும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். மெஷினை அணைத்து, பின்னால் உள்ள பவர் கேபிளையும் எடுத்துவிட்டு. எக்ஸ்டெர்னல் டிஸ்க்கும் சொருகியிருக்கக் கூடாது. காரணம் இரண்டு. ஒன்று, தவறான டிஸ்க்கை அழிக்க வழியே இருக்காது. இரண்டாவது பலருக்குத் தெரியாது: வேறொரு டிஸ்க்கில் ஏற்கெனவே பூட் பார்ட்டிஷன் இருந்தால், விண்டோஸ் செட்டப் தன் பூட் ஃபைல்களை அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். விண்டோஸ் எஸ்எஸ்டியில், சாவி பழைய டிஸ்க்கில். ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றும் அன்றைக்குத்தான் மெஷின் பூட் ஆகாதது தெரியும்.

எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது திரையில் "டிஸ்க் 0, அன்அலகேட்டட், 238.5 ஜிபி" என்று ஒரு வரிதான் காட்டும். 256 எங்கே என்று தேடாதீர்கள். கம்பெனி பத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. உங்கள் 1 டிபி 931 ஆனதும் அப்படித்தான். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள், அவ்வளவுதான். நியூ அழுத்தி அளவு போட வேண்டாம். இஎஃப்ஐ 100 எம்பி, எம்எஸ்ஆர் 16 எம்பி, சி, கடைசியில் ரெகவரி என்று அதுவே வெட்டிக்கொள்ளும்.

அந்த ரெகவரியைச் சின்னதுதானே என்று பின்னால் அழிக்க வேண்டாம். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட் அதில் 250 எம்பி காலி இடம் கேட்டு, இல்லாத மெஷின்களில் எல்லாம் 0x80070643 என்று நின்றது நினைவிருக்கும்.

மேலப்பாளையம்:
எல்லாம் சரி. ஆனா 238 ஜிபியையும் ஒரே சியா விடச் சொல்லுததை நான் ஒத்துக்கிட மாட்டேன். சி 120, மிச்சம் டின்னு பிரிச்சாத்தான் அடுத்த தடவை ஓஎஸ் போனாலும் டேட்டா நிக்கும். நம்ம ஊர்ல எந்தக் கடையில மெஷின் எடுத்தாலும் சி, டி, இ, எஃப்னு பிரிச்சுத் தருததுக்குக் காரணம் இல்லாம இல்ல.

பொருநைக்கரை:
ஒரே டிஸ்க் இருந்த காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. இவரிடம் டேட்டாவுக்குத் தனி டிஸ்க்கே இருக்கிறது. சியை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இவருடைய 97.65 ஜிபி சியே சாட்சி. அந்த எண் எப்படி வந்தது தெரியுமா? போட்டவர் 100000 எம்பி என்று அடித்திருக்கிறார். சரியாக 100 ஜிபி வேண்டுமென்றால் 102400. பார்ட்டிஷன் என்பது சுவர். ஒரு பக்கம் நெரிசல், இன்னொரு பக்கம் 200 ஜிபி காலி என்று நிற்கும். டிஸ்க் செத்தால் டியும் சேர்ந்துதான் சாகும், அதனால் அது பேக்கப்பும் ஆகாது.

மேலப்பாளையம்:
ஒரே டிஸ்க் இருக்க லேப்டாப்புக்கு?

பொருநைக்கரை:
512 ஜிபி லேப்டாப் என்றால் பிரிப்பதில் தவறில்லை. சிக்கு 200-க்குக் குறையாமல் கொடுங்கள். 256 ஜிபி லேப்டாப்பைப் பிரிக்காதீர்கள்.

மேலப்பாளையம்:
200 ஒத்துக்கிடுதேன். ஆனா கடைக்காரங்ககிட்ட 100-க்கு மேல கேட்டா ஏதோ சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி பாக்காவ.

சேரன்மாதேவி:
குறுக்க கேக்கேன், மன்னிச்சிக்கிடுங்க. பழைய அரசு லேப்டாப் ஒண்ணு, விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ரெண்டும் இருந்தது. இடம் வேணும்னு டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் பேரில்லாம இருந்த ரெண்டு பார்ட்டிஷனை டெலிட் பண்ணியாச்சு. இப்ப ஆன் பண்ணினா கருப்புத் திரையில "க்ரப் ரெஸ்க்யூ"ன்னு மட்டும் நிக்குது. விண்டோஸ் போயிட்டா?

தென்காசி லினக்ஸ்:
போகலை. விண்டோஸ் அங்கனயேதான் இருக்கு, வழிகாட்டிதான் செத்துப் போச்சு. அந்த லேப்டாப்ல பூட் வேலையைப் பாத்தது பாஸோட க்ரப். அதோட முதல் துண்டு டிஸ்க்கோட முதல் செக்டார்ல இருக்கும், மிச்சத் துண்டு நீங்க அழிச்ச லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்ள இருந்தது. முதல் துண்டு எழுந்து மிச்சத்தைத் தேடுது, காணோம், அங்கேயே நிக்குது.

விண்டோஸ் 7 டிவிடியோ பென் டிரைவோ வச்சு பூட் பண்ணி, ரிப்பேர், கமாண்ட் பிராம்ப்ட் போய் "பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்" அடிங்க. முதல் செக்டார்ல விண்டோஸோட சொந்தக் குறியீட்டை எழுதிரும், பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாது. அதுக்கும் எழலைன்னா விண்டோஸ் பார்ட்டிஷன் ஆக்டிவா இல்லைன்னு அர்த்தம். அங்கனயே டிஸ்க்பார்ட் (டிஸ்க்கைக் கட்டளையால பிரிக்கிற விண்டோஸ் கருவி) போய் அந்த பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து "ஆக்டிவ்"னு அடிச்சாப் போதும்.

லினக்ஸை எடுக்கணும்னா வரிசை தலைகீழா இருக்கணும்: முதல்ல பூட்டை விண்டோஸுக்கு மாத்திட்டு, அப்புறம் பார்ட்டிஷனை அழிக்கணும். யுஇஎஃப்ஐ மெஷின்ல இந்தக் கருப்புத் திரை அவ்வளவா வராது, பூட் மெனுவுல விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தா போயிரும்.

வள்ளியூரான்:
அவசரம். விண்டோஸ் செட்டப்ல ஷிஃப்ட் எஃப்10 அடிச்சு டிஸ்க்பார்ட்ல டிஸ்க் 0 எஸ்எஸ்டின்னு நினைச்சு கிளீன் கொடுத்தாச்சு. அது 1 டிபி டேட்டா டிஸ்க். இப்ப மொத்தமும் அன்அலகேட்டட்னு காட்டுது. வேற எதுவும் பண்ணலை.

தென்காசி லினக்ஸ்:
பண்ணாதீங்க. மெஷினை அணைச்சு, அந்த டிஸ்க்கைக் கழட்டி வையுங்க. இனிஷியலைஸ் பண்ணவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. நியூ வால்யூம், ஃபார்மட் எதுவும் வேண்டாம். சாதா கிளீன் அட்டவணையைத்தான் துடைக்கும், ஃபைல்கள் கிடந்த இடத்துலயே கிடக்கும். "கிளீன் ஆல்" அடிச்சிருந்தா கதை வேற, அது கடைசி செக்டார் வரைக்கும் சைபர் எழுதும், 1 டிபிக்கு ரெண்டு மூணு மணி நேரம் எடுக்கும். உடனே முடிஞ்சதுன்னா அது சாதா கிளீன்தான்.

வேற மெஷின்ல இந்த டிஸ்க்கை ரெண்டாவதா மாட்டி, தொலைஞ்ச பார்ட்டிஷனைத் தேடுத டெஸ்ட்டிஸ்க் கருவியை ஓட்டுங்க. இலவசம். டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கிறப்ப மாடலையும் அளவையும் பாத்துக்கிடுங்க, மறுபடி தப்பா எடுத்துறாதீங்க. அட்டவணை வகை கேக்கும்: எம்பிஆர்னா இன்டெல், ஜிபிடின்னா இஎஃப்ஐ ஜிபிடி. முன்னால என்ன இருந்ததோ அது. அனலைஸ், குயிக் சர்ச். பார்ட்டிஷன்கள் பச்சையா வரும். ஒவ்வொண்ணு மேலயும் பி எழுத்தை அழுத்தினா உள்ள இருக்க ஃபோல்டர் பட்டியல் தெரியும். உங்க ஃபோல்டர் பேரு கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் ரைட் கொடுக்காதீங்க. எதுவும் வரலைன்னா டீப்பர் சர்ச். ரொம்ப முக்கியமான டேட்டான்னா ரைட் கொடுக்கதுக்கு முன்னால அந்தப் பட்டியல்லயே சி எழுத்தை வச்சு வேற டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துருங்க.

இதே தப்பு எஸ்எஸ்டியில நடந்து, அதுக்கு மேல ஃபார்மட்டும் போட்டிருந்தா, காலியான இடத்தைத் துடைக்கச் சொல்லுத ட்ரிம் கட்டளை எஸ்எஸ்டிக்குப் போயிருக்கும். அதுக்கு அப்புறம் தேடுததுல அர்த்தமில்லை.

ஜங்ஷன் சர்வீஸ்:
டிஸ்க் 0, டிஸ்க் 1 என்கிறது நிலையான பேரு இல்ல. போர்ட் மாறினாலும், பென் டிரைவ் சொருகினாலும் மாறும். "லிஸ்ட் டிஸ்க்"ல அளவைப் பாருங்க: 238 எஸ்எஸ்டி, 931 ஹார்ட் டிஸ்க், 14 பென் டிரைவ். "செலக்ட் டிஸ்க்" கொடுத்ததும் "டீட்டெயில் டிஸ்க்" அடிங்க, கம்பெனிப் பேரும் மாடலும் வரும். அப்புறம் இன்னொரு தடவை "லிஸ்ட் டிஸ்க்", தேர்ந்தெடுத்த வரிக்கு முன்னால நட்சத்திரம் நிக்கும். இவ்வளவும் பாத்த பிறகுதான் கிளீன். அதுக்குப் பிறகு "கன்வர்ட் ஜிபிடி". கிளீன் "நிச்சயமா?"ன்னு கேக்காது, எண்டர் தட்டின அடுத்த நொடி முடிஞ்சிரும்.

வள்ளியூரான்:
ரெண்டு பார்ட்டிஷனும் வந்துட்டு. பட்டியல்ல ஃபோல்டர் பேரெல்லாம் தெரியுது. காப்பி ஓடுது. நன்றி அண்ணாச்சி.

தென்காசி லினக்ஸ்:
காப்பி முடியிற வரைக்கும் ரைட் பக்கம் கையைக் கொண்டு போகாதீங்க.

பொருநைக்கரை:
பாளை டிடிபிக்கு, விண்டோஸ் ஏறிய பிறகு.

புராடக்ட் கீ கேட்டால், கீ இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே போர்டு, முன்பு ஆக்டிவேட் ஆகியிருந்தால் நெட் வந்ததும் பெரும்பாலும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். பழையது ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ. மாற்றிப் போட்டால் ஆகாது.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து ஏற்றினால் 24எச்2 பதிப்பிலிருந்து டிஸ்க்கை அதுவே என்க்ரிப்ட் செய்துவிடக்கூடும். செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனில் இருந்தால் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். பின்னால் பயாஸ் அப்டேட் செய்யும்போது அதைக் கேட்டால், கடையில் யாருக்கும் அது என்னவென்றே தெரியாது.

அதற்குப் பிறகு மெஷினை அணைத்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டுங்கள். சாட்டா பிளக் எல் வடிவில் இருக்கும். தலைகீழாக அழுத்தினால் டிஸ்க் பக்கத்துக் கறுப்பு நாக்கு ஒடிந்துவிடும், பிறகு கேபிள் நிற்காது.

ஜங்ஷன் சர்வீஸ்:
டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பழைய சிஸ்டம் ரிசர்வ்டையும் பழைய சியையும் டெலிட் பண்ணுங்க. டெலிட் மங்கலா இருந்தா டிஸ்க்பார்ட்ல அந்த பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து "டெலிட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு". இப்ப 98 ஜிபி காலியா டிக்கு இடது பக்கம் கிடக்கும். டி மேல ரைட் கிளிக் பண்ணினா எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாத்தான் இருக்கும். விண்டோஸுக்கு வலது பக்கம் ஒட்டி இருக்க இடத்தைத்தான் சேக்கத் தெரியும்.

பாளை டிடிபி:
அப்ப ஜிபார்ட்டட் மாதிரி எதையாவது வச்சு டியை இடது பக்கம் நகத்தலாமா?

தென்காசி லினக்ஸ்:
நகத்தலாம். ஆனா நீங்க நகத்த வேண்டாம். இடது பக்கம் நகத்துததுன்னா டியில இருக்க 190 ஜிபியையும் அது துண்டு துண்டா படிச்சு முன்னால எழுதணும். மணிக்கணக்குல ஓடும். பாதியில கரண்ட் போச்சுன்னா பாதி பழைய இடத்துலயும் பாதி புது இடத்துலயும் நிக்கும், எந்த ரெகவரி கருவிக்கும் அது ஒழுங்கா பிடிபடாது. மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையில நிறுத்தினா மத்தியானந்தான் வரும். 600 விஏ யுபிஎஸ் பத்துப் பதினஞ்சு நிமிஷம் தாங்கும்.

டேட்டாதான் எக்ஸ்டெர்னல்ல இருக்கே. டியை டெலிட் பண்ணுங்க. 98-ம் 278-ம் ஒண்ணாச் சேந்து ஏறக்குறைய 376 ஜிபி ஆகும். அதுல புது வால்யூம் போட்டு, என்டிஎஃப்எஸ், அலகேஷன் யூனிட் டீஃபால்ட், காப்பியைத் திரும்பப் போடுங்க. நடுவுல கரண்ட் போனாலும் மூலப் பிரதி பத்திரமா இருக்கும்.

அந்த டிஸ்க்கு எம்பிஆர்ங்கதால ஒரு எச்சரிக்கை: நாலு பிரைமரி தாண்டுற மாதிரி எதையாவது பண்ணப் போனா "டைனமிக் டிஸ்க்கா மாத்தவா?"ன்னு ஒரு பெட்டி வரும். ஓகே கொடுத்துறாதீங்க. மாறினா திரும்ப பேசிக் ஆக்க மொத்தத்தையும் அழிக்கணும், லினக்ஸுக்கும் அது பிடிக்காது.

மேலப்பாளையம்:
குயிக் ஃபார்மட்டா, ஃபுல்லா?

ஜங்ஷன் சர்வீஸ்:
இந்த டிஸ்க்குக்கு ஒரு தடவை ஃபுல் போடலாம். குயிக்கு வெறும் பதிவேட்டைப் புதுசா எழுதும். விஸ்டாவுல இருந்து ஃபுல் ஃபார்மட் முழு இடத்துலயும் சைபர் எழுதி, கெட்ட செக்டார் இருந்தா ஒதுக்கும். 376 ஜிபிக்குச் சுமாரா ஒரு மணி நேரம். முடிஞ்சதும் மறுபடி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் பாத்து சி5, 05 சைபராவே இருக்கான்னு பாருங்க, இருந்தா டிஸ்க்கு பரீட்சை எழுதிப் பாஸ். எஸ்எஸ்டிக்கு ஃபுல் போடாதீங்க, எழுதி எழுதித் தேயிறதைத் தவிர ஒண்ணும் கிடைக்காது.

பாளை டிடிபி:
நீங்கல்லாம் புது டி வரைக்கும் போயிட்டிய, நான் இங்க பேக்கப்லயே மாட்டிக்கிட்டு நிக்கேன். ரோபோகாப்பி முடிஞ்சிட்டு, ஃபெயில்ட் ஒண்ணே ஒண்ணுன்னு காட்டுது. ஆனா எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைத் திறந்தா டி_பேக்கப் ஃபோல்டரே இல்ல! பிராபர்ட்டீஸ்ல 190 ஜிபி யூஸ்டுன்னு இருக்கு. ஹிடன் ஃபைல் காட்டுன்னு டிக் போட்டும் தெரியலை.

பொருநைக்கரை:
அங்கேயேதான் இருக்கிறது. என் தவறு, முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒரு டிரைவின் வேரிலிருந்து ரோபோகாப்பி எடுத்தால், அந்த வேருக்கு உள்ள மறைவு, சிஸ்டம் என்ற இரண்டு குணங்களையும் போய்ச் சேரும் ஃபோல்டருக்கும் கொடுத்துவிடும். சிஸ்டம் குணமும் இருப்பதால் ஹிடன் டிக் மட்டும் போதவில்லை. இதை அடியுங்கள்:

ஆட்ரிப் -எஸ் -எச் ஜி:\டி_பேக்கப்

இயும் எஃப்பும் இன்னும் எடுக்கவில்லை என்றால் ரோபோகாப்பி கட்டளையின் கடைசியில் /ஏ-:எஸ்எச் சேர்த்துவிடுங்கள், மறையாது. ஃபெயில்ட் ஆன ஒன்று சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டர்தானே? அதை விடுங்கள், விண்டோஸின் சொந்தக் கணக்கு வழக்கு.

பாளை டிடிபி:
வந்துட்டு அக்கா! ஆமா, அந்த ஃபோல்டர்தான் ஃபெயில்ட். ஆனா ஃபைல் எண்ணிக்கை ஒத்துக்கிடலை. முன்னால டியில எல்லாத்தையும் செலக்ட் பண்ணிப் பாத்தப்ப 1,12,436. ரோபோகாப்பி 1,12,511 காப்பி பண்ணினதாச் சொல்லுது. 75 கூட இருக்கு.

பொருநைக்கரை:
டி_பேக்கப்புக்குள் டாலர் குறியோடு ரீசைக்கிள் பின் என்று ஒரு ஃபோல்டர் வந்திருக்கும், அதுவும் மறைவாகத்தான் இருக்கும். நீங்கள் செலக்ட் செய்தபோது அது கணக்கில் வரவில்லை, ரோபோகாப்பி அதையும் சேர்த்து எடுத்திருக்கிறது. உள்ளே எத்தனை என்று பாருங்கள்.

பாளை டிடிபி:
சரியா 75. எல்லாம் போன வருசத்துக் கொடை நோட்டீஸ், ப்ரூஃபுக்குப் போட்டு அழிச்சது. இப்ப இ டிரைவ் போட்டுருக்கேன்.